ஒன்றுக்கு மூன்று

கிணற்றிலிருந்து கடல் இருநூறு மீற்றர்.
நாடா பிடித்து அளக்கவில்லை,
இரவில் அலை உடைகிற சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

கச்சான் தொடங்கினால் தண்ணி இறங்கும்.
இறங்க இறங்க உப்பு ஏறும்.
கேத்தலின் வயிற்றில் வெள்ளைப் பொருக்கு.
தேத்தண்ணிக்கு மேல் மெல்லிசாய் ஓர் ஆடை,
கரண்டியால் ஒதுக்கினால் கோப்பைச் சுவரில் ஒட்டும்.
கந்தளாய்க் குளத்துத் தண்ணி பிரதான வீதிவரை வந்துவிட்டது.
எங்கள் ஒழுங்கைக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

முதலில் கொதிக்கவைத்தோம்,
பி.எச்.ஐ. சொன்னபடி, கொப்புளம் பெரிதாகும்வரை.
கிருமி செத்திருக்கும், மெய்தான்.
ஆவிதான் பறந்தது.
உப்பு,
அடுப்பு மூட்டியும் வீட்டைவிட்டு எழும்பாத குடித்தனம்.

பிறகு களிமண் வடி.
சுனாமிக்குப் பிறகு யாரோ கொடுத்த வாளி,
ராத்திரி முழுக்கச் சொட்டும்,
விடியப் பார்த்தால் ஒரு போத்தல், கண்ணாடி மாதிரி.
வாயில் வைத்தால் அதே கடல்.

மச்சான் நிமலகாந்தன் பீப்பாய் கொண்டுவந்தான்.
சல்லி, மணல், சிரட்டைக்கரி, திரும்ப மணல்.
மூன்று நாள் கறுப்புத் தண்ணி,
நாலாம் நாள் அழுகல் முட்டை மணம் போயிற்று.
அவன் மீசையைத் தடவினான்.
உப்பைப் பற்றி நாங்கள் வாய் திறக்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்டார்கள்.
மகள் முகர்ந்துபார்த்துக் கேட்டாள்:
"அம்மா, நாங்க ஹோட்டலிலயா இருக்கிறம்?"

கடைசியாக மெசின்.
பதினெட்டு மாதத் தவணை.
பூட்டவந்த றிஸ்மி பேனை போல ஒன்றைக் கிளாசில் நனைத்தான்:
ஆயிரத்து நூற்று நாற்பது.
மெசினைத் திறந்து திரும்ப நனைத்தான்:
முப்பத்தெட்டு.
அன்றைய பிளேன்ரீ சிவப்பாக, ஆடையில்லாமல்,
அடியில் சீனி தெரிகிற மாதிரி.
இவருக்கு மட்டும் தண்ணி சப்பென்று இருந்ததாம்.
நான் பார்க்காத நேரம் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தார்.

மெசினின் முதுகில் இன்னொரு குழாய்,
கறுப்பு, ஈர்க்குத் தடிப்பு.
அதை வேலிக்கரையில் விட்டிருந்தான் றிஸ்மி.
ஒருநாள் கீழே வாளி வைத்து அளந்தேன்.
எனக்கு ஒரு சாடி வர
அந்தப் பக்கம் மூன்று சாடி போகிறது.
நான் குடிக்காத உப்பெல்லாம் அதில்.
வேலி முருங்கை பழுத்து உதிர்ந்தபோது
பூச்சி என்று நினைத்துச் சாம்பல் தூவினேனே.

வேலிக்கு அங்கால் நஸ்மியாவின் கிணறு.

ஒரு வெள்ளிக்கிழமை போத்தலோடு வந்தாள்.
"உங்கட பேனையில என்ர தண்ணியையும்
ஒருக்கா பாருங்களன்."
ஆயிரத்து முந்நூற்று இருபது.
போன வருசம் எவ்வளவு?
போன வருசம் யார் அளந்தது?
கச்சானா, கடலா, என்ர குழாயா,
பேனை அதைச் சொல்லாது.
அவளிடம் குழாயைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்,
சொட்டு விழுகிற இடத்தைச் செருப்பால் ஒருதரம் தேய்த்தாள்.
"எனக்கும் ஒரு கான் நிரப்பித் தாங்க" என்றாள்.

இப்போது அந்தத் தண்ணி பீப்பாயில் விழுகிறது,
சிரட்டைக்கரி இருந்த அதே பீப்பாய்.
கக்கூசுக்கு, முற்றத்துக்கு, மோட்டார்சைக்கிளுக்கு.
தண்ணி எங்கே போனாலும் உப்பு நிலத்துக்குத்தான் போகும்,
எனக்குத் தெரியும், அவளுக்கும்.

வெள்ளிக்கு வெள்ளி அளக்கிறோம்.
கலண்டரில் எழுதிவைக்கிறேன்,
1320, 1345, 1345.
இன்றைக்கு 1310.
நாங்கள் இரண்டுபேரும் ஒன்றும் சொல்லவில்லை.
போத்தலில் மிஞ்சியதை
முருங்கைக்கு ஊற்றக் குனிந்தவள்
என்ன நினைத்தாளோ,
மூடியை இறுக்கிக்கொண்டு
வீட்டுக்குக் கொண்டுபோனாள்.